சொன்னேனே கண்ணையா

போர்ட் பிளேருக்கும் வெகு தெற்கே உள்ள தீவில், கேம்பல் பேயில் குடியேறிய முன்னாள் சிப்பாய்களில் கண்ணையாவுக்குத்தான் முதல் வருஷத்திலேயே பட்டப்பெயர் விழுந்தது. சொன்னேனே கண்ணையா. காடு வெட்டும்போது மரம் வேண்டாத பக்கம் சாய்ந்தாலும், கூரைத் தகரம் காற்றில் பறந்தாலும், கப்பல் சொன்ன நாளில் வராமல் போனாலும், அவன் பக்கத்தில் வந்து நின்று, "நான் அன்னிக்கே சொன்னேனே" என்பான். பெரும்பாலும் உண்மையாகவே சொல்லியிருப்பான். அதனால்தான் எல்லோருக்கும் எரிச்சல்.

குடியாத்தம் பக்கத்துக்காரன். ராணுவப் பட்டறையில் வண்டிகளுக்கு வயர் பூட்டுகிற வேலை பார்த்து, நாயக் பதவி வரை போய், ஓய்வு பெற்றவன். தீவில் நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1970இல் மனைவி மரகதத்தோடு கப்பலேறினான். குழந்தைகள் இல்லை. கேம்பல் பேயிலிருந்து தெற்கே கடலோரமாகப் போகும் ரோட்டில், காட்டை வெட்டி உண்டாக்கிய ஒரு கிராமத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. பக்கத்து வீட்டில் பஞ்சாபிகள். எதிரே மராட்டியர்கள். நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். எல்லோரும் சேர்ந்து பேசினால் இந்தி, சண்டை வந்தால் அவரவர் பாஷை.

கிராமச் சங்கத்துக்குத் தலைவர் சொக்கலிங்கம். சிவகங்கைச் சீமைக்காரர், ஹவில்தாராக இருந்து வந்தவர். பேச்சு கம்மி. சொன்னால் சொன்னதுதான். சங்கத்திடம் யுத்த காலத்து லாரிகள் இரண்டு இருந்தன. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்டவை. ஒன்று கனடாவில் செய்தது, அது ஓடும். மற்றது அமெரிக்காவில் செய்தது. அது ஓடாது. அதைப் பிரித்து இதில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

கண்ணையா வந்த அன்றே இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அது ஆவாது" என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். கனடா லாரியில் ஒவ்வொரு வயரின் நுனியிலும் சின்னப் பித்தளைக் குண்டு ஒன்று இருக்கும். இரண்டு வயரைச் சேர்க்க வேண்டுமானால், ஒரு குட்டிக் குழாயின் இரண்டு பக்கத்திலும் இரண்டு குண்டுகளைச் செருக வேண்டும். அமெரிக்க லாரியிலும் பார்வைக்கு அதே ஏற்பாடுதான். ஆனால் அதன் குண்டு ஒரு நூல் மெலிசு. கனடாக் குழாயில் செருகினால் உள்ளே போகும். நிற்கவும் நிற்கும். பிடிக்காது.

அடுத்த வருஷம் கோடையில், கனடா லாரியின் வயர்க் கட்டை எலி கடித்துத் துண்டாக்கிவிட்டது. அதே வாரம் அரிசி மூட்டைகள் கேம்பல் பே ஜெட்டியில் வந்து இறங்கியிருந்தன. மழை பிடித்துக்கொண்டது. சொக்கலிங்கம் லாரிக் கொட்டகைக்கு வந்தபோது, கண்ணையா அமெரிக்க லாரியிலிருந்து வயர்களை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிரைவர் உதயசூரியன் பக்கத்தில் நின்றான்.

"என்னப்பா, வெரசா முடி. அரிசி நனையுது."

"இது சேராது சாப்."

"உள்ள போகுதுல்ல?"

"போவுது."

"பெறகென்ன?"

"போவுது, ஆனா பிடிக்கல. இந்த ரோட்டுக் குலுக்கல்ல என்னிக்கி விடும்னு சொல்ல முடியாது. போர்ட் பிளேருக்கு எழுதுங்க. சரியான குழா வரட்டும். இல்லாட்டி ஈயமும் டேப்புமாவது வரட்டும். பத்த வெச்சித் தரேன், உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"அடுத்த கப்பல் எப்ப வரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஊரு எதைத் திங்கும் அதுவரைக்கும்? ஒன் வயரையா?"

உதயசூரியன் சிரித்தான். சொக்கலிங்கம் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து, உள்ளேயிருந்த வெள்ளித் தாளை உருவி நீட்டினார்.

"இந்தா, இதைச் சுத்திச் செருகு. கெட்டியா உக்காரும்."

பட்டறையில் எவனாவது புதுப்பையன் அப்படிச் செய்திருந்தால் கண்ணையா கையில் இருக்கிற பிளேயராலேயே அவன் மண்டையில் தட்டியிருப்பான். இப்போது தாளை வாங்கினான். குண்டில் சுற்றினான். செருகினான். இழுத்துப் பார்த்தான், வரவில்லை. என்ஜின் உறுமியது.

"பாத்தியா?" என்றார் சொக்கலிங்கம்.

"சொல்லிட்டேன். அவ்ளோதான்."

அரிசி வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், கண்ணையாவும்தான். அதன் பிறகு லாரியில் எந்த வயர் போனாலும் அமெரிக்கக் குண்டு, சிகரெட் தாள், கனடாக் குழாய் என்று ஆயிற்று. ஈயம் வேண்டும் என்று இன்னும் இரண்டு தடவை கேட்டான். "ஓடுதுல்லப்பா" என்றார் சொக்கலிங்கம். மூன்றாவது தடவை கேட்கவில்லை. வண்டி தினமும் ஓடியது. ஓடுகிற வண்டியின் முன்னால் நின்றுகொண்டு அது நின்றுவிடும் என்று எத்தனை நாள்தான் சொல்வது? அவனுக்கே தன் சொல்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

சொக்கலிங்கத்தின் மனைவி ஜெயலட்சுமி அப்போது நிறைமாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டானது. அவளும் மரகதமும் வந்த நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டவர்கள். ஓடைக்குத் துவைக்கப் போனாலும் ஒன்றாகத்தான், கப்பலில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்க ஜெட்டிக்குப் போனாலும் ஒன்றாகத்தான். ஜெயலட்சுமிக்குப் புளிப்பு மேல் ஆசை வந்தபோது, மரகதம் தீவில் புளியங்காய் கிடைக்காமல் ஏதோ காட்டுக் காயைத் தேடிப் பிடித்து ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை வலி எடுத்தது. பிரசவம் பார்த்துப் பழகிய பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "டாக்டர் கே பாஸ் லே ஜாவோ. ஜல்தி" என்றாள், உடனே டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி. டாக்டர் இருப்பது கேம்பல் பேயில். லாரியின் பின்புறம் மெத்தை விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி ஜெயலட்சுமியை ஏற்றினார்கள். பஞ்சாபிப் பெண் ஏறினாள். மரகதம் ஏறி ஜெயலட்சுமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணையா பிளேயரோடு ஓடி வந்தான்.

"சாப், நானும் வரேன். வழியில எதாச்சும் ஆச்சுன்னா…"

"வாயைக் கழுவு," என்றார் சொக்கலிங்கம். "கேம்பல் பே போற வரைக்கும் ஒன் குறையைக் கேட்டுக்கிட்டு வர முடியாது. எறங்கு."

படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டான். லாரி போய்விட்டது.

பாதி வழியில் ஒரு ஓடைப் பாலம் உண்டு. அதைத் தாண்டி மேடு ஏறும்போது, பெருமழையில், லாரி நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை. விளக்கை ஊதி அணைத்தது போல் நின்றது. ஹாரனும் இல்லை. உதயசூரியன் பானெட்டைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். எந்த இணைப்பில் தாள் இருக்கிறது, எதில் இல்லை என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பூட்டியவனுக்குத்தான் தெரியும். தார்ப்பாய்க்குள்ளிருந்து ஜெயலட்சுமியின் குரல் வந்துகொண்டிருந்தது. சொக்கலிங்கம் உதயசூரியனின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். "ஓடு. அவனைக் கூட்டியா."

உதயசூரியன் ஓடினான். பிறகு இரண்டு பேராக ஓடி வந்தார்கள். கண்ணையா செருப்பில்லாமல் ஓடி வந்தான். சரளைக் கல் காலைக் கிழித்திருந்தது. அவன் வரும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. சொக்கலிங்கம் ரோட்டில் நின்றிருந்தார். தார்ப்பாய்க்குள் ஒரு குழந்தை அழுதது. கண்ணையாவின் முகம் மலர்ந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

என்ஜினுக்குப் பின்னால் கையை விட்டதுமே கிடைத்தது. குழாய் சூட்டில் கறுத்திருந்தது. சிகரெட் தாள் கரியாகி உதிர்ந்தது. அதை வெட்டி எறிந்தான். இரண்டு வயரின் தோலையும் சீவி, முறுக்கி, லுங்கியில் கிழித்த துணியால் கட்டினான். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. உதயசூரியன் சுவிட்சைத் தட்டினான், என்ஜின் பிடித்தது.

கண்ணையா கறுத்த குழாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொக்கலிங்கத்திடம் போனான். காலில் ரத்தம், முகத்தில் ஏறக்குறைய சிரிப்பு.

"பாத்தீங்களா சாப்? அன்னிக்கே சொன்னேனே, இது சேராதுன்னு."

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மரகதம் எட்டிப் பார்த்தாள். மார்பிலிருந்து முழங்கால் வரை அவள் சேலை சிவப்பாக இருந்தது. கையில் துணியில் சுற்றிய குழந்தை.

"அவ போயி ரொம்ப நேரமாச்சி," என்றாள்.

சொக்கலிங்கம் அவனைத் தாண்டிப் போனார். ஏறி உட்கார்ந்தார். லாரி செத்தவளையும் பிறந்ததையும் தூக்கிக்கொண்டு கேம்பல் பேக்குப் போனது. கண்ணையாவை யாரும் ஏறச் சொல்லவில்லை. உள்ளங்கையில் குழாயோடு ரோட்டில் நின்றான்.

மறுநாள் கடற்கரையில் எரித்தார்கள். கண்ணையா போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிய சொக்கலிங்கம் அவனைப் பார்த்தார்.

"வயர் பூட்டுனவன் இங்க நிக்கக் கூடாது," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சாப், நான் சேராதுன்னு சொன்னேன். சிகரெட் தாளு குடுத்தது யாரு? உதயா, நீ கூட இருந்தியே. சொல்லு."

உதயசூரியன் சிதையைப் பார்த்தான். "எனக்கு ஞாபகம் இல்லண்ணே."

"சிரிச்சியேடா!"

"ஞாபகம் இல்ல."

பெண்டாட்டியை எரிக்கிற இடத்தில் வந்து கணக்குக் கேட்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மராட்டியர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி நடக்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் கூடினார்கள். கண்ணையாவைக் கூப்பிடவில்லை. தீர்ப்பைப் பஞ்சாபி ஒருவர் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "ஹுக்கா பானி பந்த்." அவனோடு பேச்சு இல்லை. அவன் வீட்டில் தண்ணீர் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவனுக்கு அழைப்பில்லை. ஆனால் லாரி ரிப்பேர் அவன்தான் பார்க்க வேண்டும். தீவில் வேறு ஆள் கிடையாது.

அதற்கு அடுத்த கப்பலில் ஈயமும் டேப்பும் வந்தன. பெரிய உருண்டையாக, வருஷக்கணக்கில் வரும் அளவுக்கு. யாரோ அதை அவன் வேலியில் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள்.

மரகதம் அவனோடு பேசாமல் இருக்கவில்லை. சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு சாயங்காலம் அவனே ஆரம்பித்தான்.

"நீயும் என்னத்தான் சொல்றியா? நான் பண்ணது தப்பா? அந்தாளு தானே…"

"நீ சொன்னது பொய்யில்ல."

"அப்புறம்?"

"அவ தல என் மடியில இருந்திச்சி. கடைசி வரைக்கும் உம் பேரத்தான் கேட்டுக்கினு இருந்தா. கண்ணையா அண்ணன் வந்துட்டாரா, வந்துட்டாரான்னு. நீ வந்த. வந்து ஜெயிச்சிட்டேன்னு சொன்ன."

"எனக்குத் தெரியாது மரகதம். கொழந்த அழுவுற சத்தம் கேட்டு…"

"தெரியாதுதான்."

மழை முடிந்ததும், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெயின்லேண்டுக்குக் கப்பலேறினாள். ஜெட்டி வரைக்கும் போய் அவள் பெட்டியை அவன்தான் தூக்கிக் கொடுத்தான். அவள் திரும்பி வரவில்லை.

அவனும் போயிருக்கலாம். போனால் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று நினைத்தான். தென்னங்கன்றுகள் வேர் பிடித்திருந்தன. தங்கிவிட்டான்.

லாரி பழுதானால் அவன் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உதயசூரியன் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவான். என்ன கோளாறு என்று சொல்ல மாட்டான். கண்ணையாவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். லாரியில் இருந்த எல்லா இணைப்புகளையும் அவன் பிரித்து, ஒவ்வொன்றையும் ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றினான். அமெரிக்கக் குண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. வேலை முடிந்ததும் அவன் ஹாரன் அடிப்பான். உதயசூரியன் வந்து எடுத்துப் போவான். அதன் பிறகு அந்த லாரி வழியில் ஒருநாளும் நிற்கவில்லை. அதை அவனிடம் சொல்ல ஒருவருமில்லை. பஞ்சாபிகளின் குழந்தைகள்கூட அவன் வேலியோரம் பந்து விழுந்தால் எடுக்க வர மாட்டார்கள், பந்தை விட்டுவிடுவார்கள். அவன் வெளியே தூக்கிப் போட்டாலும் தொட மாட்டார்கள்.

1977இல் சங்கத்துக்குப் புது லாரி வந்தது. அதற்கு மெக்கானிக் போர்ட் பிளேரிலிருந்து வந்து போனார். கனடா லாரியைக் கடலோரம் தள்ளிவிட்டார்கள். ஹாரன் சத்தமும் நின்றது. பேச்சில்லாத அந்த வருஷங்களில், நாள் தவறினாலும் மாதம் தவறாமல் ஒரு மனுஷன் வாசல் வரை வந்து போனான் என்பது அப்போதுதான் கண்ணையாவுக்கு உறைத்தது.

அடுத்த வருஷம், ஒரு பிற்பகலில், சொக்கலிங்கம் வந்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. தலை முழுக்க நரைத்திருந்தது. வேலிப் படலைத் திறந்து உள்ளே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தார். கண்ணையா எழுந்து நின்றான். தண்ணீர் கொண்டுவரலாமா என்று யோசித்து, கொண்டுவரவில்லை.

"எம் பொண்ணு ருக்குவுக்கு ஏழு வயசாச்சு," என்றார் சொக்கலிங்கம். "அம்மா எப்படிச் செத்தான்னு கேக்குது."

"இன்னா சொன்னீங்க?"

"ஒன் பேரைச் சொல்லியிருக்கேன்."

கண்ணையா கீழே கிடந்த தென்னை மட்டையை எடுத்து வேலியோரம் போட்டான்.

"அது எப்பவாச்சும் ஒங்கிட்ட வந்து கேக்கும். முரட்டுப் பிள்ளை, கேட்டாலும் கேக்கும். நீ மாத்திச் சொல்லிறாதே. அதுக்குத்தான் வந்தேன்."

"சாப், ஒண்ணு கேக்கவா? நீங்க நம்புறீங்களா? நான்தான்னு?"

சொக்கலிங்கம் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

"நம்பல. என்னைக்குமே நம்பல. தாளை உருவிக் குடுத்தது நான். ஒன்னை எறங்கச் சொன்னதும் நான். எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நீ இல்லேன்னா நானுல்ல ஆயிருவேன். அந்தப் பிள்ளை தெனமும் என் கையாலதான் சோறு திங்குது." எழுந்தார். "ஒனக்குப் பிள்ளை இல்ல, பொண்டாட்டியும் இல்ல. ஒனக்கு என்ன போச்சு?"

அது ஒரு கேள்வி போலவே இல்லை. நிலத்தை அளப்பவன் பேச்சு போல இருந்தது. படலைச் சாத்திக்கொண்டு போனார்.

ருக்கு வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு, தோள்பையோடு, தனியாக வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஜெயலட்சுமியின் நெற்றி. கையில் ஒரு கல் வைத்திருந்தாள்.

"எங்கம்மாவை நீங்கதான் சாகடிச்சீங்களா?"

கண்ணையா தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்தான். ஒருகாலத்தில் எந்தக் கேள்விக்கும் அவனிடம் பதில் தயாராக இருக்கும். இப்போது அவள் கையிலிருந்த கல்லைப் பார்த்தான்.

"ஆமா பாப்பா."

"எப்படி?"

"வயரு சரியாப் பூட்டல. வண்டி நின்னுபோச்சி."

அவள் யோசித்தாள். "அப்போ நீங்க வந்து ரிப்பேர் பண்ணீங்களாமே."

"பண்ணேன்."

"ஏன் லேட்டா வந்தீங்க? ஏன் வண்டியிலேயே போகல?"

அவன் பதில் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு கல்லை எறிந்தாள். குறி தவறவில்லை. புருவத்தின் மேல் பட்டு ரத்தம் கண்ணில் இறங்கியது. அழுதுகொண்டே ஓடியது அவள்தான்.

கண்ணையா அடுத்த கப்பலில் ஏறினான். நிலத்தைச் சங்கத்திடமே விட்டுவிட்டான். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கி, கையில் இருந்த தொழிலை வைத்து, எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் மரம் ஏற்றும் லாரிகளுக்கு வயர் பார்க்கும் கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே பாதிப் பேர் வங்காளிகளும் தெலுங்கர்களும். ஊர் எது என்று கேட்டால் குடியாத்தம் என்பான். கேம்பல் பே என்று சொன்னதில்லை. எவனாவது பொருந்தாத முனையைப் பொருத்திக் கட்டுவதைக் கண்டால், அவன் சாப்பிடப் போன பிறகு பிரித்துச் சரியாக ஒட்டி வைப்பான்.

1979 மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஃபெரியில் படுக்க வைத்து போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். சில நாள் கிடந்து செத்தான். அவன் பெட்டியில் கேம்பல் பே விலாசம் இருந்ததால் வயர்லெஸ்ஸில் கிராமச் சங்கத்துக்குத் தகவல் போனது. தலைவரிடமிருந்து அன்றைக்கே பதில் வந்தது: இங்கே அவருக்கு உறவினர் யாரும் இல்லை. நகராட்சி ஆட்கள் எரித்தார்கள்.

மரகதத்துக்கு விஷயம் போய்ச் சேர நாலைந்து மாதம் ஆயிற்று. தீவிலிருந்து லீவில் வந்த ஒரு கப்பல் தொழிலாளி குடியாத்தத்தில் விசாரித்து வந்து சொன்னான். அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள்.

"யாராச்சும் கூட இருந்தாங்களா?"

"தெரியாதும்மா. நான் கேள்விப்பட்டதுதான்."

"தண்ணி கிண்ணி குடுத்திருப்பாங்களா?"

அவன் தலையை ஆட்டினான். குடுத்திருப்பார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.